முந்திச் சொன்ன நன்றி

என் கணவர் ஒஸ்வால்டுக்குப் பொய் சொல்ல வராது என்று கொழும்பு கொட்டாஞ்சேனையில் எந்தக் கடையில் கேட்டாலும் சொல்வார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில், ஒரு சீனி மூட்டையைக் குறைத்து எழுதச் சொன்னவனுடைய மேசையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வந்த மனுசன். அப்படிப்பட்டவர் இந்த வருடம் எனக்குப் பொய் சொன்னார், டொக்டருக்குப் பொய் சொன்னார், நாங்கள் குடியிருக்கிற முழு ஒழுங்கைக்கும் பொய் சொன்னார். ஏனென்று கேட்டால் அந்தோனியாருக்காகவாம்! அந்தப் புனிதர் எத்தனையோ பேருக்குத் தொலைந்த சாமானைத் தேடிக் கொடுத்திருக்கிறார். இப்படி ஒரு வம்பில் அவரை யாரும் மாட்டிவிட்டிருக்க மாட்டார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். ஒஸ்வால்டுக்கு இருதயத்தில் ஒரு வால்வு பழுதாகிவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். மாசி மாதம் நெஞ்சைத் திறந்து வேறு வால்வு வைத்தார்கள். ஒப்பரேஷன் நல்லபடிதான் முடிந்தது. அதற்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டி, ஐசியூவில் வெகுநாள் கிடந்தார். கழுத்தில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய், ஒன்று மாறி ஒன்றாக அன்ரிபயோடிக். நான் வெளியே வாங்கில் உட்கார்ந்து செபமாலை உருட்டினேன். இனி ஆள் தப்பாது என்று உறவுக்காரர் வெள்ளைச் சேலையை அயர்ன் பண்ணத் தொடங்கிய நேரத்தில், மனுசன் எழும்பி நடந்து வீட்டுக்கு வந்தார்.

எங்கள் ஒழுங்கை முனையில் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு அந்தோனியார் சுரூபம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் அதன் முன்னால் சனம் கூடும். செபம் முடிந்ததும் சாட்சி சொல்வது வழக்கம். அந்தோனியாரிடம் என்ன கேட்டோம், அவர் என்ன வாங்கித் தந்தார் என்று ஒவ்வொருவராக வந்து மைக்கில் சொல்ல வேண்டும். இதை நடத்துவது ஒஸ்வால்டின் அக்கா, என் மச்சாள் புளோறன்ஸ். சாட்சி சொல்ல ஆள் வராவிட்டால் மச்சாளுக்கு முகம் கறுத்துப் போகும். "இந்தக் கிழமை ஒருத்தருக்கும் ஒரு நன்மையும் கிடைக்கேல்லையோ?" என்று மைக்கிலேயே கேட்பாள். அந்தக் குரலுக்குப் பயந்து சாட்சி சொன்னவர்களும் உண்டு, நான் அறிவேன்.

வீடு வந்து கொஞ்ச நாளில் ஒஸ்வால்ட் அந்த மைக்கைப் பிடித்தார். வெள்ளைச் சேட், தலைக்கு எண்ணெய், முகத்துக்குப் பவுடர். "டொக்டர்மார் கைவிட்ட கேஸ்! அந்தோனியார் கைவிடேல்ல! எனக்குப் பூரண சுகம்!" என்று சத்தம் போட்டார். எந்த டொக்டர் கைவிட்டது? இராப்பகலாய்ப் பார்த்தார்களே அந்தப் பிள்ளைகள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சனம் கைதட்டியது, சிலர் அழுதார்கள், மச்சாள் தம்பியைக் கட்டிப்பிடித்தாள். எல்லோருக்கும் அவித்த கடலையும் பிளேன்ரீயும் கொடுத்தோம். நானும் சிரித்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஆள் மெலியத் தொடங்கினார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டார். விடிய எழும்பினால் பெனியன் நனைந்து பிழியலாம் போல இருக்கும். கேட்டால், "கொழும்பு வெக்கை, கொன்ஸி. உனக்கு வேர்க்கிறேல்லையோ?" என்பார். கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் குளித்து, சவரம் எடுத்து, ஓடிக்கொலோன் பூசி, கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரித்தான் போவார். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். டொக்டரிடம் போவதென்றால் நோயாளி மாதிரிப் போகக்கூடாது! கிளினிக்கில் டொக்டர் ஆரணி என்று வெள்ளவத்தையில் இருந்து வருகிற ஒரு பிள்ளை. கெட்டிக்காரி. புது வால்வில் இரத்தம் கட்டாமல் இருக்கத் தந்த மருந்துக்கு இரத்தம் ஏன் இப்படித் தேவைக்கு மேல் இளகிப் போகிறது என்று மட்டும் ஒவ்வொரு தடவையும் நெற்றியைச் சுருக்குவாள். மற்றப்படி வெப்பமானி வைத்தால் காய்ச்சல் இல்லை, ஆளும் மாப்பிள்ளை மாதிரி. அவள்தான் பாவம் என்ன செய்வாள்?

பிடிபட்டது முனைக்கடை கிறிஸ்ரியால். ஒரு நாள் தேங்காய் வாங்கப் போனேன். தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டே அவன் கேட்டான்.

"அக்கா, அண்ணனுக்கு மற்றப் பனடோல் குளிசை அட்டையையும் இப்பவே தந்து விடவா? இல்லாட்டி அவர் வழமை மாதிரிப் பின்னேரம் வருவாரா?"

"வழமை மாதிரியோ? என்ன பனடோல்?"

கிறிஸ்ரியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "ஐயோ, அக்கா, நான் ஒண்டும் சொல்லேல்ல," என்றான். சொல்லிவிட்டுத்தான் சொன்னான்.

தேங்காயை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஒஸ்வால்ட் கதிரையில் சாய்ந்து ரிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசாமல் கழுத்தில் கையை வைத்தேன். என்ர மாதாவே! அப்பச்சட்டி மாதிரிக் கொதித்தது.

"எவ்வளவு நாளாக் காயுது?"

"என்ன காயுது? வெயிலில போயிட்டு வந்தனான்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்தில மறைக்காதீங்கோ! கிறிஸ்ரி சொல்லிப்போட்டான்."

மனுசன் ரிவியை நிற்பாட்டினார்.

"சாட்சி சொல்லி அடுத்த கிழமையில இருந்து, கொன்ஸி," என்றார். "பின்னேரத்தில குளிரும், பிறகு காயும். பனடோல் போட்டா விடும். கிளினிக் போற நாளில ரெண்டு போட்டுட்டுப் போவன்."

"ஏன்? ஏன் என்னட்டச் சொல்லேல்ல?"

"எப்பிடிச் சொல்றது? அத்தனை சனத்துக்கு முன்னால பூரண சுகம் எண்டு சொல்லிப்போட்டு, பிறகு காய்ச்சல் எண்டு போய்ப் படுத்தா? அந்தோனியாரைப் பொய்யராக்கிறதே?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அறைய வேண்டும் போலவும் இருந்தது. எல்லாவற்றையும் விடப் பயம் வந்தது. வாய்தான் நின்றபாடில்லை.

"அந்தோனியார் உங்களிட்டச் சேட்டிபிக்கற் கேட்டவரோ? பிள்ளை பிறக்க முந்திப் பேர் வச்சது நீங்க! அவருக்கு என்ன வெட்கம்?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு றேடியோ நின்றுவிட்டது. கேட்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

அடுத்த நாள் மனுசனைக் குளிக்க விடவில்லை. சவரம் இல்லை, பவுடர் இல்லை, பனடோலும் இல்லை. கசங்கிய சாரத்தோடு, நடுங்க நடுங்க, முச்சக்கரவண்டியில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். "இப்பிடியே கூட்டிக்கொண்டு போறாய்? பிச்சைக்காரன் மாதிரி!" என்று வழி முழுக்க முனகினார். டொக்டர் ஆரணி அவரைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். வெப்பமானியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் பனடோல் கதையைச் சொன்னேன். அவள் ஒஸ்வால்டை ஏசவில்லை. பனடோல் கூடினால் அந்த மருந்தின் வேகமும் கூடுமாம், இரத்தம் ஏன் இளகியது என்று இப்போதுதான் விளங்குகிறது என்று மட்டும் சொல்லி, அன்றைக்கே வார்டில் போட்டாள்.

கை மாற்றிக் கை இரத்தம் எடுத்தார்கள். தொண்டைக்குள்ளால் ஒரு குழாயை விட்டு இருதயத்தைப் படம் பிடித்தார்கள். ஒரு திங்கட்கிழமை ஆரணி வந்து கட்டிலடியில் நின்றாள்.

"அங்கிள், புது வால்வில ஒரு கட்டி மாதிரி வளர்ந்திருக்கு. இரத்தத்திலயும் அதே கிருமி வந்திருக்கு. இது பக்ரீரியா இல்லை, பங்கசு."

"பங்கசோ?" என்றேன். "பாணில பிடிக்கிற பூஞ்சணமோ?"

"அந்தச் சாதிதான், அன்ரி. எங்கட எல்லாற்ற உடம்பிலயும் கொஞ்சம் இருக்கும், ஒண்டும் செய்யாது. அங்கிள் கனநாள் ஐசியூவில இருந்தவர். அன்ரிபயோடிக் கெட்ட கிருமியோட நல்லதையும் சாக்காட்டிப்போடும், அப்ப இதுக்கு இடம் கிடைக்கும். கழுத்தில போட்ட குழாய் வழியா உள்ள போயிருக்கலாம். அந்தக் குழாய் இல்லாம அவர் தப்பியிருக்கவும் மாட்டார். ஆயிரத்தில ஒருத்தருக்கு இப்பிடி வரும். இது ஒருத்தற்ற பிழையும் இல்லை."

"மருந்தில போகாதோ?"

"மருந்து இண்டைக்கே தொடங்குறம். ஆனா மருந்து மட்டும் காணாது. வால்வில ஒட்டினது லேசில போகாது. ஒரு துண்டு கழண்டு மூளைக்குப் போனா..." அவள் அதை முடிக்கவில்லை. "வால்வை மாத்தவேணும். திரும்பத் திறக்கவேணும். வியாழக்கிழமை சேர்ஜன் செய்யலாம் எண்டு சொல்றார். பிந்தக்கூடாது."

"கஷ்டமான ஒப்பரேஷனோ?" என்று கேட்டேன்.

"முதல் ஒப்பரேஷனை விடக் கஷ்டம், அன்ரி. ஆனா செய்தா நல்ல சான்ஸ் இருக்கு. செய்யாட்டி இல்லை."

ஒஸ்வால்ட் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "நான் மாட்டன்," என்றார்.

டொக்டர் கெஞ்சினாள். தாதி கெஞ்சினாள். நான் கெஞ்சவில்லை, ஏசினேன். எதற்கும் அசையவில்லை. எல்லோரும் போன பிறகு மெல்லச் சொன்னார். "ஒழுங்கையில என்ன சொல்லுவாங்கள்? ஒஸ்வால்ட் பொய்ச் சாட்சி சொன்னவன், அதுதான் அந்தோனியார் திருப்பி அடிச்சவர் எண்டுதானே சொல்லுவாங்கள். அதை விட இப்பிடியே போறது மரியாதை."

இந்த மனுசனோடு எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறேன். கறிக்கு உப்புக் கூடினதற்கு, அவருடைய அக்காவுக்கு, ஒன்றுமே இல்லாததற்கு. அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்குச் சண்டை பிடிக்க வாய் வரவில்லை. இப்படி ஒரு காரணத்துக்காக இவர் செத்துப்போவார் என்று எனக்கு உண்மையாகவே விளங்கிவிட்டது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன்.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. ஒழுங்கை முனையில் வழமை போலச் சனம். செபமாலை முடிந்தது, மச்சாள் மைக்கை எடுத்துச் சாட்சிக்கு ஆள் தேடினாள். நான் எழும்பினேன். நான் மைக்கில் பேசாதவள் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டில் எனக்கு மைக் தேவையில்லை என்று ஒஸ்வால்ட் பகிடி விடுவார்.

மச்சாளுக்குக் காரணம் விளங்கிவிட்டது. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "கொன்ஸ்ரன்ஸ், வேண்டாம். குடும்ப மானம். சபைக்கு முன்னால வேண்டாம்," என்றாள்.

"தாங்கோ, மச்சாள்," என்று வாங்கினேன்.

"ஒஸ்வால்ட் இதில நிண்டு பூரண சுகம் எண்டு சொன்னவர். அவருக்குச் சுகமில்லை. மாத்தின வால்வில பங்கசு பிடிச்சிருக்கு. திரும்ப நெஞ்சைத் திறக்கவேணும், இல்லாட்டிச் செத்துப்போவார். அவர் மாட்டன் எண்டு படுத்திருக்கிறார். ஏன் தெரியுமோ? உங்களுக்கு முன்னால சொன்ன சாட்சி பொய்யாப் போயிடுமாம். அந்த வெட்கத்தில சாகப் போறார். நான் நன்றி சொல்ல வரேல்ல. நன்றி சொல்ல என்னட்ட ஒண்டுமில்லை. எனக்கு என்ர மனுசன் வேணும். அவ்வளவுதான்."

மச்சாள் என்னைப் பார்த்த பார்வையில் இந்த ஜென்மத்தில் இனிப் பேச மாட்டாள் என்று நினைத்தேன்.

பின்வரிசையில் இருந்து கிறிஸ்ரி எழும்பினான். மைக்குக்கு வரவில்லை, நின்ற இடத்திலேயே சொன்னான். "நான் போன வருசம் பெரிய நோன்பில குடியை விட்டுட்டன் எண்டு சாட்சி சொன்னனான். போன சனிக்கிழமையும் குடிச்சனான்." அவன் மனைவி, "சனி மட்டுமோ?" என்றாள். சனம் சிரித்தது.

அதன் பிறகு மதகு திறந்த மாதிரித்தான். ஒருத்தி, மகனுக்கு இத்தாலி வீசா கிடைத்துவிட்டது என்று சொன்னதாகவும், இன்னும் வரவே இல்லை என்றும் சொன்னாள். இன்னொருவர், மருமகளோடு சமாதானமாகி ஒரு கிழமைதான் தாங்கியது என்றார். சிரிப்பும் அழுகையுமாக ஒழுங்கை ஒரே இரைச்சல். கடைசியில் மச்சாள் என் கையில் இருந்த மைக்கைப் பிடுங்கினாள். ஏசப் போகிறாள் என்று ஒரு அடி பின்னால் போனேன்.

"என்ர முழங்கால்," என்றாள் மச்சாள். "சுகமாப் போச்சுது எண்டு சொன்னனான் எல்லோ. சுகமில்லை. ஒவ்வொரு செவ்வாயும் முழங்காலில நிக்கேக்க உயிர் போகுது." முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "இண்டைக்குச் சாட்சி இவ்வளவு காணும். எல்லாரும் இருந்து என்ர தம்பிக்காகக் கேப்பம். சும்மா கேப்பம்."

அன்றைக்குக் கேட்ட மாதிரி அந்த ஒழுங்கை ஒருநாளும் செபம் கேட்டதில்லை. எனக்கு நெஞ்சு ஆறியது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தனியாக இல்லை என்று இருந்தது.

புதன்கிழமை பார்வை நேரத்துக்கு மச்சாளையும் கிறிஸ்ரியையும் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் காவல்காரர், "தெந்நெக் விதரய், நோனா," என்று இரண்டு விரலைக் காட்டினார். நான் வெளியே நிற்கிறேன், இவர்கள் இரண்டு பேரும் போகட்டும் என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையை இறக்கி, மூன்று பேரையும் விட்டார். மனிதர்தானே.

கிறிஸ்ரி கட்டிலடியில் நின்று சனிக்கிழமைக் கதையைச் சொன்னான். ஒஸ்வால்ட் எழும்பி உட்கார்ந்துவிட்டார்.

"குடிச்சனியோ! அடேய், உனக்காக நான் நோன்பு முழுக்க இறைச்சி சாப்பிடாம இருந்தனான்!"

"அதுதான் அண்ணே, உங்களிட்டச் சொல்லப் பயமா இருந்தது."

மச்சாள் சேலையைக் கொஞ்சம் தூக்கி, முழங்காலைக் காட்டினாள். பலாக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. "பார், தம்பி. நீ சாட்சி சொல்ல முந்தியே நான் பொய்ச் சாட்சி சொல்லிப்போட்டன். அந்தோனியார் என்னை அடிச்சவரே? அவருக்கு எங்களைத் தெரியும். நாங்கள்தான் அவருக்கு நடிச்சுக் காட்டுறம்."

ஒஸ்வால்ட் அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு எங்கே போனதோ, தோள் குலுங்கத் தொடங்கியது. இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அவருடைய தாய் செத்த அன்று மட்டும்தான்.

"எனக்குப் பயமா இருக்கு, அக்கா," என்றார். "முதல்தரம் எழும்பேக்க பட்ட வேதனை எனக்குத்தான் தெரியும். திரும்பத் திறக்கப் பயமா இருக்கு. சாட்சி, மானம் எண்டதெல்லாம்... எனக்குப் பயம்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஏச வேண்டிய நேரம் இல்லை அது. பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டேன். "எனக்கும் பயம்தானப்பா," என்றேன். "ரெண்டு பேரும் பயந்துகொண்டே போவம்."

அன்று பின்னேரம் டொக்டர் ஆரணியிடம் சம்மதம் என்று சொன்னார்.

வியாழக்கிழமை ஒப்பரேஷன் காலையில் தொடங்கிப் பின்னேரம் வரை போனது. மச்சாள் முழங்காலில் நிற்காமல் கதிரையில் இருந்து செபித்தாள். நான்தான் கட்டளை போட்டேன். வெளியே வந்த சேர்ஜன் களைத்துப்போயிருந்தார், ஆனால் சிரித்தார். பிறகு வந்ததும் லேசான காலம் இல்லை. அந்தப் பங்கசு மருந்து ஏறும்போது கட்டில் கிடுகிடுக்க நடுங்குவார். சிறுநீரகம் தாங்குமா என்று நாளுக்கு நாள் இரத்தம் பார்த்தார்கள். ஒழுங்கையில் இருந்து முறை வைத்துக் கஞ்சி வந்தது. கிறிஸ்ரி கொண்டுவந்த நாட்களில் அவன் வாயை மணந்து பார்த்துத்தான் ஒஸ்வால்ட் கஞ்சியை வாங்குவார்.

ஒரு காலை டொக்டர் ஆரணி அரை ஓட்டமாக வார்டுக்குள் வந்தாள்.

"அங்கிள், இரத்தத்தில ஒண்டும் வளரேல்ல. திரும்பத் திரும்பப் பாத்தாச்சு, சுத்தம். வால்வும் நல்லா வேலை செய்யுது. இனி வீட்டில குளிசைதான். அது ஆயுள் முழுக்கப் போடவேணும், ஒரு நாளும் விடக்கூடாது, கிளினிக்கும் வரவேணும். சரியோ?" மூச்சு எடுத்துவிட்டுக் கேட்டாள். "இப்ப எப்பிடி இருக்கு?"

ஒஸ்வால்ட் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கதிரையைப் போட்டு இருங்கோ, டொக்டர். நெஞ்செலும்பு நோகுது, இருமினா இன்னும் கூட. இடது கையில ரெண்டு விரல் மரத்திருக்கு. ராவில வேர்க்கேல்ல, ஆனா நித்திரை இல்லை. படிக்கட்டை நினைச்சாலே பயமா இருக்கு. நேற்றுப் பின்னேரம் கொஞ்சம் குளிர்ற மாதிரி இருந்தது, உடன தாதியைக் கூப்பிட்டனான், பாத்தா காய்ச்சல் இல்லை. பிறகு இந்தக் கால்..."

ஆரணி உண்மையாகவே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு நோவாகச் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் சந்தோசம். கண்ணீர் தாரை தாரையாக ஓடியது.

ஒஸ்வால்ட் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அழாத, கொன்ஸி. இன்னும் கனக்க இருக்கு, சொல்லி முடிக்க விடு," என்றார்.